ஒரு பக்கம் மட்டும் பேசும் அறை

அமெரிக்காவில் ஒரு முஸ்லிம் மீது கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டைப் பதிவு செய்தது என்னும் செய்தி வெளியான சில நிமிடங்களில், நம் வாட்ஸ்அப் குழுக்களில் அது வேறு உருவம் எடுத்துவிடுகிறது. ‘குற்றம் உறுதியானது’ என்று ஒருவர் தலைப்பிடுகிறார். ‘இருபது பேர் கொண்ட நடுவர் குழு விசாரித்துச் சொன்ன பிறகு மறுக்க என்ன இருக்கிறது?’ என்று இன்னொருவர் கேட்கிறார். மறுநாள் முதல் அந்தக் குடும்பத்தாருக்கு ஸலாம் சொல்லவும் தயங்குகிறோம். அவர்கள் வீட்டு விருந்துக்குப் போவதைத் தவிர்க்கிறோம். பிள்ளைகளின் நட்பைத் துண்டிக்கிறோம். இதையெல்லாம் எச்சரிக்கை உணர்வு என்று நமக்கு நாமே பெயரிட்டுக்கொள்கிறோம்.

இதற்கு அநீதி என்பதே சரியான பெயர் என்கிறோம். கிராண்ட் ஜூரியின் அறையிலிருந்து வெளிவரும் தாள் தீர்ப்பு அன்று. எதிர்த்தரப்பு பேச அனுமதிக்கப்படாத ஓர் அறையில், ஒரு தரப்பு மட்டும் பேசி முடித்த பின் எழுதப்பட்ட குற்றச்சாட்டு அது. அந்த அறை எப்படி இயங்குகிறது, அதற்கு மக்களை இழுத்துவரும் ‘சப்பீனா’ என்னும் அழைப்பாணை எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்தவர், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை ஒதுக்க மாட்டார். அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களுக்கும், பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோருக்கும் இந்த அறிவு தேவைப்படுகிறது.

கேடயமாகப் பிறந்தது

1166ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, ஒவ்வொரு வட்டாரத்திலும் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து தம் பகுதிக் குற்றவாளிகளைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். கிராண்ட் ஜூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. மன்னரின் கையாகத் தொடங்கிய அந்த அமைப்பு, காலப்போக்கில் மன்னருக்கும் குடிமகனுக்கும் இடையே நிற்கும் தடுப்புச் சுவராக வளர்ந்தது. 1734இல் நியூயார்க் ஆளுநரை விமர்சித்த அச்சாளர் ஜான் பீட்டர் ஸெங்கர் மீது குற்றஞ்சாட்ட கிராண்ட் ஜூரி மறுத்தது. ஆட்சியாளர்கள் வேறு வழியில் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அந்த நினைவு பசுமையாக இருந்த காலத்தில்தான், 1791இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் திருத்தம், கொடுங்குற்ற வழக்கு எதுவும் கிராண்ட் ஜூரியின் ஒப்புதலின்றி மத்திய நீதிமன்றத்துக்கு வரக்கூடாது என்று விதித்தது.

நோக்கம் உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆட்சியாளர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பினால், முதலில் சாதாரணக் குடிமக்களிடம் ஆதாரத்தைக் காட்டட்டும் என்பதே அதன் சாரம். இந்த ஏற்பாட்டை உருவாக்கிய இங்கிலாந்து 1933இல் தன் கிராண்ட் ஜூரிகளைப் பெரும்பாலும் கைவிட்டது. எஞ்சியதையும் 1948இல் நீக்கியது. அமெரிக்கா அதை வைத்துக்கொண்டது. கேள்வி, அது இன்று யாருடைய கையில் இருக்கிறது என்பதே.

அறைக்குள் யார் இருக்கிறார்கள்?

மத்திய கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர் வரை இருப்பர். குற்றச்சாட்டுக்கு 12 பேரின் ஒப்புதல் போதும். ஒருமித்த முடிவு வேண்டியதில்லை. பொதுவாக 18 மாதங்கள் வரை அக்குழு பணியாற்றலாம். தேவையானால் நீதிமன்றம் மேலும் ஆறு மாதங்கள் நீட்டிக்கலாம்.

அந்த அறையில் நீதிபதி இல்லை. குற்றஞ்சாட்டப்பட இருப்பவர் இல்லை. அவருடைய வழக்கறிஞரும் இல்லை. சாட்சி சொல்ல வருபவர் தம் வழக்கறிஞரை வாசலோடு நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே செல்ல வேண்டும். ஐயம் எழுந்தால் எழுந்து வெளியே வந்து கேட்டுவிட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான் அவருக்குள்ள துணை. உள்ளே இருப்பவர்கள் நடுவர்கள், பதிவு எழுத்தர், தேவையானால் மொழிபெயர்ப்பாளர், இவர்களோடு அரசு வழக்குரைஞர். எந்தச் சாட்சியை அழைப்பது, எதைக் கேட்பது, எந்த ஆவணத்தைக் காட்டுவது, எந்தச் சட்டப் பிரிவைப் படித்துச் சொல்வது, இறுதியில் எந்தக் குற்றச்சாட்டு வரைவை வாக்குக்கு வைப்பது என அனைத்தையும் அவரே தீர்மானிக்கிறார். நடுவர்களுக்கு அங்கே சட்டம் கற்பிக்கும் ஆசிரியரும் அவர்தான், வாதியும் அவர்தான்.

ஆதார விதிகளும் அங்கே தளர்ந்து கிடக்கின்றன. வேறொருவர் சொல்லக் கேட்டதை மட்டுமே அடிப்படையாகக் கொண்டும் குற்றச்சாட்டுப் பதிவு செய்யலாம் என்று 1956இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டவிரோதச் சோதனையில் கைப்பற்றிய பொருளை வைத்தும் கிராண்ட் ஜூரி சாட்சியிடம் கேள்வி கேட்கலாம் என்று 1974இல் கூறியது. 1992இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. குற்றஞ்சாட்டப்படுபவர் நிரபராதி எனக் காட்டக்கூடிய ஆதாரம் அரசு வழக்குரைஞரின் மேசையிலேயே இருந்தாலும், அதை நடுவர்களுக்குக் காட்டும் சட்டக் கடமை அவருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அத்தகைய வலுவான ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்று நீதித் துறையின் உள் வழிகாட்டி சொல்கிறது என்பது உண்மை. ஆனால் உள் வழிகாட்டியை மீறினால் குற்றஞ்சாட்டப்பட்டவர் அதைக் கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்க முடியாது.

நியூயார்க் மாநிலத்தின் தலைமை நீதிபதியாயிருந்த சால் வாக்ட்லர், 1985இல் ஒரு கசப்பான நகைச்சுவை சொன்னார்: அரசு வழக்குரைஞர் விரும்பினால் பன்றி இறைச்சி வைத்த ஒரு ரொட்டித் துண்டின் மீதும் கிராண்ட் ஜூரியைக் குற்றஞ்சாட்டச் செய்துவிடலாம் என்பது அதன் பொருள். எண்களும் அவர் பக்கமே நிற்கின்றன. 2010 நிதியாண்டில் மத்திய அரசு வழக்குரைஞர்கள் நடத்திய வழக்குகள் ஏறத்தாழ 162,000. கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டை மறுத்ததாகப் பதிவானவை 11. எல்லா வழக்குகளும் கிராண்ட் ஜூரி முன் செல்வதில்லை என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், இந்த வாசல் எவ்வளவு அகலமாகத் திறந்து கிடக்கிறது என்பது விளங்கும்.

நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது செய்த உபதேசம் நாம் அறிந்ததே. வழக்காடும் இருவரில் முதலாமவரின் பேச்சைக் கேட்டவுடன் தீர்ப்பளித்துவிடாமல், இரண்டாமவரிடமும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முதலாமவரின் பேச்சு மட்டும் ஒலித்த அறையிலிருந்து வந்த தாளை, தீர்ப்பென்று குழுக்களில் பகிரும் நாம் எந்த உபதேசத்தைப் பின்பற்றுகிறோம்?

அழைப்பாணை எங்கே பிறக்கிறது?

வீட்டுக்குள் புகுந்து சோதனையிட வேண்டுமானால், குற்றம் நடந்ததற்கு நியாயமான காரணம் உண்டு என்று நீதித்துறை அதிகாரி ஒருவரை நம்பவைத்து வாரண்ட் பெற வேண்டும். சப்பீனாவுக்கு அந்தச் சுமை இல்லை. நீதிமன்ற எழுத்தர் கையொப்பமும் முத்திரையும் இட்டு, மற்ற இடங்களை வெற்றாக விட்டுக் கொடுத்துவிடுகிறார். பெயரையும் நாளையும் கேட்கும் ஆவணங்களின் பட்டியலையும் அரசு வழக்குரைஞர் நிரப்பிக்கொள்கிறார். எந்த நீதிபதியும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. யாருடைய பெயரால் அது அனுப்பப்படுகிறதோ, அந்த நடுவர்களுக்கே பல நேரங்களில் அது போன செய்தி பிறகுதான் தெரியும்.

சப்பீனாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நேரில் வந்து சாட்சி சொல்லக் கோருவது. மற்றொன்று, வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வரவு செலவுப் புத்தகம், பள்ளிவாசலின் நன்கொடைப் பதிவேடு போன்றவற்றை ஒப்படைக்கக் கோருவது. அளவுக்கு மீறியது, அடக்குமுறைத் தன்மை கொண்டது என்று வாதிட்டு அதை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் 1991இல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் மிகக் கடினமானது. கேட்கப்படும் ஆவணங்கள் விசாரணைக்கு உதவும் நியாயமான வாய்ப்பே இல்லை என்று எதிர்ப்பவர் நிரூபிக்க வேண்டும். விசாரணை எதைப் பற்றியது என்பதே இரகசியமாக இருக்கும்போது, அதற்கு இது உதவாது என்று எப்படி நிரூபிப்பது?

உங்கள் பதிவுகள் வங்கியிடம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வங்கிக்குக் கொடுத்த விவரங்களில் வாடிக்கையாளருக்கு அரசமைப்புப் பாதுகாப்பு கிடையாது என்று 1976இல் தீர்ப்பு வந்தது. சப்பீனா வங்கிக்குச் செல்லும். பதிவுகள் போய்ச் சேரும். வாடிக்கையாளர் அறியாமலே எல்லாம் முடிந்திருக்கும். நம் ஸகாத் எந்த நிறுவனத்துக்குச் சென்றது, உம்மாவுக்கு மாதந்தோறும் எவ்வளவு அனுப்பினோம் என்பதெல்லாம் அந்த அறையின் மேசையில் விரிக்கப்படலாம்.

2001 அக்டோபரில் வந்த தேசபக்தச் சட்டம் இரகசியச் சுவரிலும் ஒரு வாசல் வைத்தது. கிராண்ட் ஜூரியில் கிடைக்கும் வெளிநாட்டு உளவு தொடர்பான தகவல்களை உளவு, குடியேற்ற, பாதுகாப்பு அதிகாரிகளுடன் பகிரலாம் என்று விதி மாற்றப்பட்டது. குற்ற விசாரணைக்கென்று கட்டாயப்படுத்திப் பெறப்பட்ட சொற்கள், குற்ற வழக்கே தொடுக்கப்படாதபோதும் வேறொரு அலுவலகத்தின் கோப்பில் சென்று உட்காரலாம்.

பேசினாலும் சிறை, பேசாவிட்டாலும் சிறை

தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஐந்தாம் திருத்தம் தந்த உரிமை. கிராண்ட் ஜூரியிலும் அதைக் கோரலாம். ஆனால் அந்தக் கதவுக்கும் அரசிடம் சாவி இருக்கிறது. ‘நீர் சொல்வதை உமக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம்’ என்ற விலக்குறுதியை நீதிமன்ற ஆணையாகப் பெற்றுக் கொடுத்துவிட்டால், மௌனத்துக்கான உரிமை முடிந்துவிடுகிறது. 1972இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. சொன்ன சொல்லையும் அதிலிருந்து கிடைத்த தடயத்தையும் மட்டுமே பயன்படுத்தக் கூடாது. தனி வழியில் ஆதாரம் கிடைத்ததாக அரசு நிரூபித்தால் அவர் மீதே வழக்குத் தொடரலாம்.

விலக்குறுதிக்குப் பிறகும் பேச மறுப்பவர் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையில் அடைக்கப்படுவார். பேச வைப்பதற்கான இந்தச் சிறைக்கு 18 மாதம் என்ற வரம்பு உண்டு. ஆனால் தண்டனையாக விதிக்கப்படும் குற்றவியல் அவமதிப்புக்குச் சட்டத்தில் உச்ச வரம்பு எழுதப்படவில்லை. அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை ஒரு பாலஸ்தீன முன்னாள் பேராசிரியரின் வழக்கு காட்டியது. 2003இல் சிகாகோ கிராண்ட் ஜூரியில் பேச மறுத்தார். 2007இல் விசாரணை ஜூரி முக்கியக் குற்றச்சாட்டான சதி வழக்கிலிருந்து அவரை விடுவித்தது. பேச மறுத்தது தொடர்பான குற்றங்களில் மட்டும் குற்றவாளி என்றது. கிடைத்த தண்டனை 135 மாதங்கள், அதாவது 11 ஆண்டுகளும் மூன்று மாதங்களும்.

ஃபுளோரிடாவில் பேராசிரியராயிருந்த சாமி அல்-அரியானின் வழக்கையும் நினைவுகூர்வோம். 2003இல் கைதானார். 2005 டிசம்பரில் ஜூரி 17 குற்றச்சாட்டுகளில் எட்டில் அவரை விடுவித்தது. மீதி ஒன்பதில் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. பின்னர் ஓர் உடன்பாட்டின்படி ஒரு குற்றச்சாட்டை மட்டும் ஒப்புக்கொண்டார். தண்டனை முடியும் காலத்தில் வர்ஜீனியாவில் வேறொரு விசாரணைக்கான கிராண்ட் ஜூரி அவரை அழைத்தது. உடன்பாடு அதற்கு இடமளிக்கவில்லை என்று வாதிட்டு அவர் மறுத்தார். அவமதிப்புக்காக அடைக்கப்பட்ட காலம் தண்டனைக் கணக்கில் சேரவில்லை. 2008இல் குற்றவியல் அவமதிப்பு வழக்கும் தொடுக்கப்பட்டது. அது விசாரணைக்கே வராமல் ஆறு ஆண்டுகள் கிடந்து, 2014இல் அரசாலேயே கைவிடப்பட்டது. 2015இல் அவர் துருக்கிக்கு அனுப்பப்பட்டார். அவர் கருத்துகளில் ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். வழக்கு விசாரணைக்கே வராதபோதும் ஒரு மனிதரின் ஆண்டுகளைச் சப்பீனா விழுங்க முடியும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பேசியவரின் கதையைப் பாருங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், சான் டியேகோவில் படித்துக்கொண்டிருந்த ஜோர்தானிய மாணவர் ஒருவரின் பழைய தொலைபேசி எண், விமானக் கடத்தல்காரர்களின் காரில் ஒரு தாளில் கிடைத்தது. எந்தக் குற்றமும் சாட்டப்படாமல், ‘முக்கிய சாட்சி’ என்ற பெயரில் அவர் சிறைவைக்கப்பட்டார். கைவிலங்கு நாற்காலியோடு பிணைக்கப்பட்ட நிலையில் நியூயார்க் கிராண்ட் ஜூரி முன் சாட்சியம் அளித்தார். கடத்தல்காரர்களில் ஒருவரைத் தெரியும் என்று ஒப்புக்கொண்டார். மற்றொருவரின் பெயர் தெரியாது என்றார். அந்தப் பெயர் அவருடைய தேர்வு விடைத்தாளில் இருந்தது காட்டப்பட்டது. பொய்ச்சாட்சி வழக்குத் தொடுக்கப்பட்டது. 2002இல் ஒரு நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2006இல் முதல் ஜூரி முடிவெடுக்க இயலாமல் கலைந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது ஜூரி அவரை விடுவித்தது. ஐந்து ஆண்டுகள்! ஒரு பெயரை நினைவுகூரத் தவறியது பொய்யா மறதியா என்ற கேள்விக்கு ஓர் இளைஞர் கொடுத்த விலை அது.

குடும்பத்தின் வாசலில்

இந்த ஆணை நம் வீடுகளின் நடுக்கூடம் வரை வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவனுக்கு எதிராக மனைவியோ மனைவிக்கு எதிராகக் கணவனோ சாட்சி சொல்ல மறுக்கும் உரிமையை மத்திய நீதிமன்றங்கள் ஏற்கின்றன. 1980இன் தீர்ப்புப்படி அந்த உரிமை சாட்சி சொல்பவருக்கே உரியது. அவர் விரும்பிப் பேசினால் மற்றவர் தடுக்க முடியாது. ஆன்மிக ஆலோசனைக்காக மார்க்க அறிஞரிடம் தனிமையில் சொன்னதற்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் பள்ளிவாசல் நிர்வாகம் பற்றியும் நன்கொடை பற்றியும் இமாமிடம் பேசியது அந்த வரையறைக்குள் அடங்கும் என்று நம்பியிருக்க முடியாது.

வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையே பேசப்பட்டதற்கு? 1997இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தகைய தனியுரிமையை ஏற்க மறுத்தது. மற்ற மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் போக்கும் பொதுவாக அதுவே. இரவு உணவின்போது மகன் தந்தையிடம் மனம் திறந்து சொன்னதைச் சொல்லும்படி தந்தையைக் கட்டாயப்படுத்தலாம். மறுத்தால் அவரைச் சிறையில் அடைக்கலாம். குடும்பமே கோட்டை என்று நம்பும் நம் சமுதாயத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு நம் பதில்

‘இரகசியம் நிரபராதியைக் காக்கிறது, குற்றச்சாட்டு எழாவிட்டால் அவர் பெயர் வெளியே வராதே’ என்பார்கள். இந்த வாதத்தில் உண்மை உண்டு. சாட்சிகள் மிரட்டப்படாமல் இருக்கவும் இரகசியம் உதவுகிறது. ஆனால் வழக்கறிஞரை வாசலில் நிறுத்துவதால் எந்த நிரபராதி காக்கப்படுகிறார்? நியூயார்க் மாநிலச் சட்டம், விலக்குறுதியைத் துறந்து சாட்சி சொல்பவரின் வழக்கறிஞர் அறைக்குள்ளேயே உடனிருக்க அனுமதிக்கிறது. விசாரணைக்கு உள்ளானவர் தாமே வந்து பேசவும் அங்கே வழி உண்டு. அதனால் அம்மாநிலத்தில் குற்ற விசாரணை நின்றுவிடவில்லை. மத்திய அரசுக்கு மட்டும் அது ஏன் இயலாது?

‘இது தொடக்க நிலைதானே, தவறு நடந்தால் விசாரணையில் சரியாகிவிடும்’ என்பார்கள். எந்த விசாரணையில்? 2022 நிதியாண்டில் மத்திய நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் 89.5 விழுக்காட்டினர் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தனர். முழு விசாரணைக்குச் சென்றவர்கள் 2.3 விழுக்காட்டினர் மட்டுமே. விசாரணையில் விடுதலையானோர் 0.4 விழுக்காட்டினர். இவர்களில் உண்மையான குற்றவாளிகள் பலர் இருப்பார்கள் என்பதை மறுக்கவில்லை. எனினும் நூற்றில் இருவர் மட்டுமே கடக்கும் ஒரு வாசலைக் காட்டி, முதல் வாசலின் குறையை நியாயப்படுத்த முடியாது. பெரும்பாலோருக்கு, பொதுமக்கள் அவர்கள் வழக்கைப் பார்க்கும் கடைசி இடம் கிராண்ட் ஜூரிதான்.

‘நடுவர்கள் அரசு வழக்குரைஞரின் கைப்பாவைகள், எதையும் எதிர்பார்க்க முடியாது’ என்று கைகழுவுவோரும் உளர். அவர்களோடும் நாம் உடன்படவில்லை. 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரில் மத்திய அதிகாரி மீது ஒருவர் சாண்ட்விச்சை வீசினார். அவர் மீது கொடுங்குற்ற வழக்குப் பதிவு செய்ய கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. பின்னர் சிறு குற்றமாகத் தொடுக்கப்பட்ட வழக்கிலும் நவம்பரில் விசாரணை ஜூரி அவரை விடுவித்தது. வாக்ட்லரின் ரொட்டித் துண்டு நகைச்சுவைக்கு நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் அது! மறுக்கும் அதிகாரம் நடுவர்களிடம் இன்றும் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நம் சகோதர சகோதரிகள் ஜூரிப் பணிக்கு அழைக்கப்படும்போது, வேலை கெடுகிறதே என்று சாக்குச் சொல்லி நழுவுவதை நிறுத்த வேண்டும். அந்த 23 நாற்காலிகளில் ஒன்றில் நீதியுணர்வுள்ள ஒரு முஸ்லிம் அமர்ந்து ‘மறுபக்கத்து ஆதாரம் ஏதும் உண்டா?’ என்று கேட்பது, நாம் எழுதும் நூறு கட்டுரைகளுக்கு மேலானது.

‘மடியில் கனமில்லை’ என்போருக்கு

‘மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? தவறு செய்யாதவனுக்கு வக்கீல் எதற்கு?’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல உள்ளத்திலிருந்து வரும் ஆபத்தான அறிவுரை இது. அந்த மாணவரின் மடியில் கனமில்லை. இருந்தது ஒரு மறந்த பெயர். ஐந்தாம் திருத்தத்தின் பாதுகாப்பு நிரபராதிகளுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றமே 2001இல் வலியுறுத்தியிருக்கிறது.

மறுமுனையில், ‘அநியாயக்காரர்களின் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, தாளைக் கிழித்துப் போடு’ என்று முழங்குவோர் இருக்கிறார்கள். இவர்களின் அறிவுரை இன்னும் கொடியது. விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆவணத்தையோ குறுஞ்செய்தியையோ அழித்தால் 20 ஆண்டுகள் வரை சிறை உண்டு. மார்க்கமும் இதற்கு இடம் தரவில்லை. சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது என்கிறது திருமறையின் 2:282ஆம் வசனம். பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும் நீதிக்காக உண்மைச் சாட்சி சொல்லுமாறு 4:135 பணிக்கிறது. உண்மையான குற்றத்தை மறைத்து, சமுதாயத்தின் பெயரால் குற்றவாளிக்குக் குடை பிடிப்பது நம் வேலை அன்று.

ஆனால் அதே 2:282ஆம் வசனம், சாட்சிக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. சாட்சியின் கடமையைச் சொன்ன இடத்திலேயே சாட்சியின் பாதுகாப்பையும் சொன்ன இந்த நேர்மையைத்தான் நாம் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கச் சட்டம் முதல் பாதியை முழு வலிமையோடு செயல்படுத்துகிறது. இரண்டாம் பாதியை அரசு வழக்குரைஞரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டது.

எனவே ஆணை வந்தால் செய்ய வேண்டியவை இவை. தாளைப் பத்திரப்படுத்துங்கள். அதில் குறித்த நாளையும் கேட்கப்பட்ட பொருளையும் நிதானமாகப் படியுங்கள். எதையும் அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். அதைக் கொண்டுவந்த அதிகாரி வாசலிலேயே பேச்சுக் கொடுத்தால், வழக்கறிஞர் மூலம் பேசுவதாகப் பணிவுடன் சொல்லுங்கள். சப்பீனா குறித்த நாளில் ஆஜராவதற்கான ஆணையே தவிர, வாசலில் பேசுவதற்கான ஆணை அன்று. அதிகாரியிடம் சொல்லும் ஒரு பொய்க்கே ஐந்து ஆண்டுச் சிறை உண்டு என்பதால், படபடப்பில் பேசுவதைவிட மௌனம் நலம். மத்தியக் குற்ற வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞரை அன்றே தேடுங்கள். நீங்கள் வெறும் சாட்சியா, விசாரணை வட்டத்துக்குள் இருப்பவரா, வழக்கின் இலக்கா என்பதை அவர் அரசு வழக்குரைஞரிடம் கேட்டறிவார். சாட்சி சொல்ல நேர்ந்தால் உண்மையை மட்டும் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். சொன்னதைப் பிறரிடம் வெளியிட மத்திய விதி பொதுவாகச் சாட்சியைத் தடுப்பதில்லை. ஆயினும் வழக்கறிஞரைக் கேட்காமல் குழுக்களில் பேசாதீர்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலின் நன்கொடைக் கணக்கைச் சீராக வையுங்கள். வீடு கட்டவும் விருந்து வைக்கவும் திரட்டும் நிதியில் ஒரு பங்கைச் சட்ட உதவிக்கென ஒதுக்குங்கள். செய்தி ஒன்று வந்தால் தீர விசாரித்துத் தெளிவுபெறுமாறு 49:6இல் நமக்குக் கட்டளை உண்டு. அரசு அலுவலகத்திலிருந்து வந்த செய்திக்கு அதில் விதிவிலக்கு ஏதும் சொல்லப்படவில்லை.

அமெரிக்கச் சட்டமியற்றுவோரிடம் அங்குள்ள நம் மக்கள் கேட்க வேண்டியவை மூன்று. சாட்சியின் வழக்கறிஞர் அறைக்குள் இருக்கட்டும். நிரபராதி எனக் காட்டும் ஆதாரத்தை நடுவர்களுக்குக் காட்டுவது சட்டக் கடமையாகட்டும். குடும்பத்தாரையும் வழிபாட்டுத் தலங்களையும் நோக்கிய அழைப்பாணைகளை, அனுப்பும் முன்பே ஒரு நீதிபதி பார்க்கட்டும். குற்றவாளிகளைத் தப்பவிடும் கோரிக்கைகள் அல்ல இவை. 1791இல் கொடுத்த வாக்கை நிறைவேற்றக் கேட்பவை.

அதுவரை, குற்றஞ்சாட்டப்பட்டவரின் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று போய்ப் பாருங்கள். அவருடைய பிள்ளைகளை மதரஸாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜுமுஆவில் அவருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நில்லுங்கள். அவர் குற்றவாளியா என்பதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் இருக்கிறது. அது இன்னும் பேசவில்லை.